நரம்பியல் வல்லுநர் உருவாகும் விதம்

மருத்துவக் கல்லூரியில் இன்று சேரும் மாணவர் ஒருவர் நரம்பியல் வல்லுநராக வெளிவர, இடையில் ஓராண்டும் வீணாகாது போனால், பதினொன்றரை ஆண்டுகள் ஆகும். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நான்கரை ஆண்டுகள்; அதனைத் தொடர்ந்த கட்டாயப் பயிற்சிக்கு ஓராண்டு; பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. பட்டத்துக்கு மூன்றாண்டுகள், பின்னர் நரம்பியலில் டி.எம். பட்டத்துக்கு மேலும் மூன்றாண்டுகள். நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலத்தையும், அரசுக்குக் கட்டுப்பட்டுப் பணிபுரிய வேண்டிய காலத்தையும் கூட்டினால், முப்பது வயதைத் தாண்டிய பிறகே ஒருவர் தம் துறையில் தனித்து நிற்க இயலும். இத்துணை நீண்ட பயிற்சி எதற்கு, அக்காலத்தில் அவர் கற்பது யாது, அதன் பயன் நாட்டின் எப்பகுதியைச் சென்றடைகிறது என்பன நிர்வாகத் துறையினரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாம்.

தேவையின் அளவை முதலில் காண்போம். 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, இந்திய மக்களின் மொத்த நோய்ச்சுமையில் தொற்றா நரம்பு நோய்களின் பங்கு 1990-இல் 4 விழுக்காடாக இருந்தது. 2019-இல் அது 8.2 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. பக்கவாதமே இவற்றுள் முதலிடம் பெறுகிறது. வலிப்பு நோய் ஆயிரம் பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை காணப்படுகிறது. காசநோய் மூளையுறை அழற்சி, மூளைக்காய்ச்சல், பாம்புக்கடியால் ஏற்படும் தசை முடக்கம் ஆகியனவும் நம் நாட்டில் நரம்பியல் பிரிவின் வாயிலுக்கு வருகின்றன. இவற்றைக் கவனிக்க உள்ள வல்லுநர்களோ 140 கோடி மக்களுக்குச் சில ஆயிரம் பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் உள்ளனர்.

கடல் கடந்து கற்ற காலம்

இந்நாட்டில் நரம்பியல் தனித்துறையாக வளர்ந்தது விடுதலைக்குப் பின்னரே. அதற்கு முன் இத்துறையைக் கற்க விரும்பியோர் இலண்டன் குவீன் ஸ்குயரில் 1860-இல் நிறுவப்பட்ட மருத்துவமனை போன்ற இடங்களை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. கனடாவின் மான்ட்ரியலில் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அத்தகைய பிரிவொன்றை அமைத்தார். இவ்விருவரும், டாக்டர் எஸ்.டி. நரசிம்மனும், நரம்பியல் மருத்துவர் டாக்டர் பல்தேவ் சிங்கும் கூடி 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். இன்று நூற்றுக்கணக்கானோர் கூடும் மாநாடுகளை நடத்தும் சங்கம் நால்வரைக் கொண்டு தொடங்கிற்று என்பது நினைவில் வைக்கத்தக்கது.

பின்னர் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், 1962-இல் சண்டிகரில் தோன்றிய முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனமும், 1974-இல் பெங்களூரில் மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து உருவாக்கிய 'நிம்ஹான்ஸ்' நிறுவனமும், 1980-இல் நாட்டின் முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இப்பயிற்சியின் பெருங்களங்களாயின. மாநில அரசுகளின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் டி.எம். இடங்கள் உள்ளன. தனியார் மருத்துவமனைகள் தேசியத் தேர்வு வாரியத்தின் வழியே இதற்கு இணையான பட்டத்துக்குப் பயிற்சி அளிக்கின்றன.

உறைவிடப் பயிற்சி என்பது

'ரெசிடென்ட்' என்ற சொல்லுக்கு மருத்துவமனையிலேயே உறைபவர் என்பது பொருள். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் மருத்துவப் பிரிவிலும், வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவைப் பிரிவிலும் இம்முறையை வகுத்தனர். இளம் மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, நாளுக்கு நாள் சிறிது கூடுதலான பொறுப்பை ஏற்று, மூத்தவரின் கண்காணிப்பில் தேர்ச்சி பெறுவதே அதன் கருத்து. இன்று எவரும் பொருளளவில் மருத்துவமனையிலேயே குடியிருப்பதில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் எம்.டி. பயில்வோர் இளநிலை உறைவிட மருத்துவர் எனவும், டி.எம். பயில்வோர் முதுநிலை உறைவிட மருத்துவர் எனவும் பொதுவாக அழைக்கப்படுகின்றனர். இவர்கள் மாணவர்கள், அதே வேளையில் மருத்துவமனையின் ஊழியர்களும் ஆவர். இவ்விரட்டை நிலையே இம்முறையின் வலிமை. அதன் குறைபாடுகளுக்கு ஊற்றும் அதுவே.

நோய் எங்கே உள்ளது?

நரம்பியலில் முதல் வினா 'என்ன நோய்?' என்பதன்று, 'எங்கே நோய்?' என்பதே. பிற துறைகளினின்று இங்கு வரும் எம்.டி. பட்டதாரி முதல் சில மாதங்களில் பழகிக்கொள்ள வேண்டியது இவ்வரிசையைத்தான்.

வலக்கை வலுவிழந்துவிட்டது என்று ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். பழுது இடப் பக்க மூளையில் இருக்கலாம். மூளைத் தண்டில், கழுத்துத் தண்டுவடத்தில், தண்டுவடத்தினின்று புறப்படும் நரம்பு வேரில், கைக்குச் செல்லும் தனி நரம்பில், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், அல்லது தசையிலேயே இருக்கலாம். கையோடு வாயின் வலக்கோடியும் தொய்ந்து பேச்சும் குழறினால் மூளையை ஐயுறுவர். கழுத்தினின்று கைக்கு மின்னலென வலி பாய்ந்தால் நரம்பு வேரை நோக்குவர். நாற்காலியின் கைப்பிடிமேல் கையைப் போட்டபடி ஓரிரவு உறங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டு மட்டும் தொங்கினால் அது ஒரு தனி நரம்பின் அழுத்தம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். காலையில் நன்றாக இருந்து, பகல் சாயச் சாயக் கை ஓய்ந்து இமையும் சரியுமாயின் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கோளாறு என்று கொள்வர். இவை யாவற்றையும் அறிய வேண்டிய கருவிகள் ஒரு சிறு சுத்தியல், ஓர் இசைக்கவை, சிறிது பஞ்சு, ஓர் ஊசி, கண்ணின் உட்புறத்தைக் காணும் விளக்கு ஆகியனவே. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி எழும்புவது நரம்புப் பாதையின் பழுதைக் காட்டும் என்று பாபின்ஸ்கி 1896-இல் எழுதினார். அக்குறி இன்றும் மாறவில்லை.

எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. ஸ்கேன் எந்த இடத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்பதை யாரேனும் சொல்லியாக வேண்டும். கால் இரண்டும் செயலற்ற நோயாளிக்கு இடுப்புப் பகுதியை மட்டும் படம் எடுத்து, 'குறை ஒன்றுமில்லை' என்ற அறிக்கையோடு அனுப்பிவிட, கட்டியோ மார்புப் பகுதித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். இத்தகைய நோயாளிகளை நரம்பியல் ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். தோலில் உணர்ச்சி எந்த மட்டத்தில் மறைகிறது என்பதை ஊசி கொண்டு சோதிக்க ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

பொறுப்பு ஏறும் படிகள்

முதலாண்டில் உறைவிட மருத்துவர் வார்டிலும் அவசரப் பிரிவிலும் மிகுதியாகப் பணியாற்றுகிறார். இரண்டாம் ஆண்டளவில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கூடத்திலும், நரம்புகளின் வேகத்தை அளக்கும் கூடத்திலும், கதிரியல், நோய்க்குறியியல், மனநலம், குழந்தை நரம்பியல், நரம்பு அறுவை ஆகிய பிரிவுகளிலும் முறைவைத்துப் பயில்கிறார். மூன்றாம் ஆண்டில் இளையோருக்குக் கற்பிக்கிறார். பிற வார்டுகளினின்று வரும் அழைப்புகளுக்குத் தாமே சென்று கருத்துரைக்கிறார். ஆய்வுப் பணியொன்றும், செய்த பணிகளைக் குறிக்கும் பதிவேடும் உண்டு. இறுதியில் எழுத்துத் தேர்வும், நோயாளிகளை நேரில் ஆராயும் செய்முறைத் தேர்வும், வாய்மொழித் தேர்வும் நடைபெறும். ஏட்டில் உள்ள இவ்வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். அதனைவிட முக்கியமானது, பொறுப்பு எங்ஙனம் படிப்படியாக ஒப்படைக்கப்படுகிறது என்பதாகும்.

இரவு இரண்டு மணிக்குப் பக்கவாத நோயாளி ஒருவரை உறவினர் கொணர்கின்றனர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்திருப்பின் அதனைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தலாம். ஆனால் நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. 'எப்போது கீழே விழுந்து கிடக்கக் கண்டீர்கள்?' என்று இளையவர் கேட்கிறார். ஓராண்டு அனுபவம் பெற்றவரோ, 'கடைசியாக இவரை நல்ல நிலையில் யார், எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்பார். இரண்டு கேள்விகளுக்கும் இடையே சில சமயம் ஆறு மணி நேர வேறுபாடு உண்டு. அடுத்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். இரத்த அழுத்தம் 185-க்கு 110 என்ற வரம்புக்குள் இருத்தல் வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்பதை சி.டி. ஸ்கேன் காட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, மருந்து செலுத்தப்படுவோரில் நூற்றுக்கு ஆறு பேரளவில் மூளையில் கடுமையான கசிவு ஏற்படலாம் என்பதை, திகைத்து நிற்கும் மகனிடமோ மனைவியிடமோ அவர்களுக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைத்து இசைவு பெற வேண்டும். ஒவ்வொரு நிமிடத்திலும் நோயாளியின் மூளையில் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது ஒரு கணிப்பு.

முதலாண்டு மருத்துவர் இச்சூழலில் விவரங்களைத் திரட்டுகிறார், முடிவு மூத்தவருடையது. இரண்டாம் ஆண்டில் தம் முடிவைச் சொல்லி, தொலைபேசியில் பேராசிரியரின் ஒப்புதலைப் பெறுகிறார். மூன்றாம் ஆண்டில் மருந்து ஏறத் தொடங்கியதும் தகவல் தெரிவிக்கிறார். மறுநாள் காலை வார்டுச் சுற்றில், ஏன் கொடுத்தீர், அல்லது ஏன் கொடுக்கவில்லை என்று வினவப்படுகிறார். இந்த மறுநாள் வினாவே உறைவிடப் பயிற்சியின் உயிர்நிலை எனலாம். அது இல்லாத இடத்தில் மூன்றாண்டுப் பணி இருக்கும். மூன்றாண்டுப் பயிற்சி இராது.

இன்னொரு நோயாளி: கால்களில் தொடங்கிய தளர்ச்சி மூன்று நாள்களில் கைகளுக்கு ஏறிவிட்டது. குயில்லன் - பாரே நோய் எனப்படும் இதில், மூச்சுத் தசைகள் தளர்வதே உயிருக்கு ஆபத்து. நோயாளியின் முகத்தில் துன்பம் தெரியும் முன்னரே இதனைக் கண்டுகொள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணச் சொல்வது எளிய சோதனை. நேற்று முப்பது வரை எண்ணியவர் இன்று மாலை பதினைந்தில் நின்றுவிட்டால், செயற்கைச் சுவாசக் கருவியுள்ள படுக்கையை அப்போதே தேட வேண்டும். இந்நோய்க்கான எதிர்ப்புப் புரத ஊசிமருந்து விலை மிகுந்தது; குருதி நீர்மத்தை மாற்றும் முறையும் அதற்கு ஈடான பலன் தருகிறது. எதனைத் தேர்வது என்பதில் நோயாளியின் குடும்ப நிலையும், காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பும், மருத்துவமனையில் கருவி உள்ளதா என்பதும் அடங்கும். இதனை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை.

நம் நோயாளிகள் எழுதும் பாடம்

வெளிநாட்டுப் பாடநூல்களை மட்டும் நம்பினால் நேரும் பிழைக்கு ஒரு சான்று கூறலாம். வலிப்புடன் வரும் இந்திய இளைஞர்களின் ஸ்கேன் படத்தில் ஒற்றைச் சிறு வளையம் போன்ற புள்ளி அடிக்கடி தென்பட்டது. அது காசநோய்க் கட்டி என்றே நெடுங்காலம் எண்ணி, பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் வேலூரில் நடைபெற்ற ஆய்வுகள், இப்புள்ளிகளில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி மடிந்ததால் உண்டானவை என்று காட்டின. பல புள்ளிகள் தாமே மறைந்துவிடுகின்றன. வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தே முதன்மைத் தேவை. கழிப்பறை வசதி, தூய குடிநீர், கழுவி உண்ணும் காய்கறி ஆகியன இந்நோய்க்கு உண்மையான தடுப்பு. நரம்பியல் வல்லுநரின் பயிற்சி பொதுச் சுகாதாரத்தைத் தொடும் இடம் இது.

சட்டமும் அவர் கற்க வேண்டிய பாடமே. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. மூளைச் சாவை உறுதி செய்யும் நால்வர் குழுவில் நரம்பியல் மருத்துவரோ நரம்பு அறுவை மருத்துவரோ இடம்பெற வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதனை செய்தல் வேண்டும். அத்தகைய வல்லுநர் கிட்டாத இடங்களில் வேறு சில துறை மருத்துவரை அமர்த்த 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. இதுவே வல்லுநர் பற்றாக்குறையை அரசு ஒப்புக்கொண்டதற்குச் சான்று. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய சொற்கள் இந்துத் திருமணச் சட்டத்தினின்றும் சிறப்புத் திருமணச் சட்டத்தினின்றும் 1999-இல் நீக்கப்பட்டன. இச்செய்தியை அறியாத பெற்றோர் இன்றும் பலர். புறநோயாளிப் பிரிவில் அவர்களுக்கு இதனை எடுத்துக்கூற வேண்டியவர் எதிரே அமர்ந்துள்ள இளம் மருத்துவரே.

உழைப்பின் வரம்பு

உறைவிட மருத்துவரின் பணி நேரம் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். மத்திய அரசு 1992-இல் வகுத்த உறைவிட மருத்துவர் திட்டம், தொடர் பணி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கும் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிக்கும் பொதுவாக மிகக்கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையோ, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் போகக்கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரம்பு உயர்ந்திருப்பதே, முதல் விதி எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை உணர்த்தும். உறங்காத மருத்துவர் மேற்கூறிய பக்கவாத நோயாளியின் நேரக் கணக்கில் ஒரு மணி நேரம் தவறினால், அதன் விளைவை நோயாளியே சுமப்பார். பணி நேரத்தைக் குறைத்தால் பயிற்சி குறையும் என்று மூத்தோர் சிலர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் டிராலி தள்ளுவதும், இரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டு செல்வதும், ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் எழுதுவதும் பயிற்சி ஆகா. குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அதற்கு வேண்டியது கூடுதல் பணியாளர் நியமனம். மருத்துவக் கல்விச் சீர்திருத்தம் என்ற பெரிய பெயர் அதற்குத் தேவையில்லை.

மாவட்டத்தை எட்டும் வழி

இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அரசுகளுக்கு எளிதில் தோன்றும் தீர்வு. ஓர் இடத்தைக் கூட்டினால் ஓர் ஆசிரியரின் நேரத்தையும் கூட்ட வேண்டும். மறுநாள் காலை வினவ ஆள் இல்லையேல் கூட்டிய இடம் பட்டத்தை மட்டுமே தரும். பயிற்சி முடித்தோரை அரசுப் பணிக்கு ஈர்க்கப் பல மாநிலங்கள் உறுதிப் பத்திரம் பெறுகின்றன. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததுடன், நாடு முழுதும் ஒரே சீரான கொள்கை வேண்டும் என்றும் கருத்துரைத்தது. தமிழ்நாடு 2020-இல் உயர்சிறப்புப் படிப்பு இடங்களில் ஐம்பது விழுக்காட்டை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. மாவட்டத்தை அறிந்து, மாவட்டத்துக்கே திரும்பக்கூடியவரைத் தேர்வதால் இவ்வழி பத்திரத்தைவிட நம்பத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எம்.டி. பயில்வோர் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020-இல் கொணரப்பட்டது. நரம்பியல் பயில்வோருக்கும் இத்தகைய முறையொன்றை அமைப்பது கடினமன்று. வாரம் ஒரு நாள் மாவட்ட மருத்துவமனையில் வலிப்பு நோய்ப் பிரிவு நடத்தினாலே, ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி இருப்போர் பலர் வருவர். பெங்களூர் நிறுவனம் கருநாடகத்தின் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் நடத்திய கிளை மருத்துவப் பிரிவுகள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே வலிப்பு நோயாளியரில் பெரும்பாலோரைக் கவனிக்க இயலும் என்பதைக் காட்டியுள்ளன. அங்கு வல்லுநர் சிக்கலானவரைப் பார்க்கிறார். மற்றையோர்க்கு மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்கிறார்.

இமாசலப் பிரதேசம் 2014-இல் மேற்கொண்ட முயற்சி இதனினும் துணிவானது. மலைப்பாதையில் நோயாளியைத் தலைநகருக்குக் கொண்டு செல்வதற்குள் நாலரை மணி கடந்துவிடும். ஆகவே சி.டி. ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து, ஸ்கேன் படத்தைக் கைப்பேசி வழியே நரம்பியல் வல்லுநருக்கு அனுப்பச் செய்து, அவர் சொற்படி அங்கேயே மருந்து செலுத்த ஏற்பாடு செய்யப்பட்டது. மருந்துச் செலவை அரசு ஏற்றது. தொலைபேசியின் மறுமுனையில் உள்ளவர் வார்டில் பல நூறு பக்கவாத நோயாளிகளைக் கண்டு தேறியவராக இருந்தமையால்தான் இம்முனையில் உள்ளவர் துணிந்து ஊசியைக் கையில் எடுக்க முடிந்தது.

மாவட்ட மருத்துவமனைகளில் நரம்பியல் பணியிடம் ஒன்றைத் தோற்றுவிக்கும் அரசாணைகளில் ஒரு செய்தி அடிக்கடி விடுபடுகிறது. மருத்துவர் பணியிடத்தோடு இ.இ.ஜி. கருவிக்குரிய தொழில்நுட்பர் ஒருவரும், இரவிலும் ஸ்கேன் எடுக்கக்கூடிய பணியாளரும், வலிப்பு மருந்துகள் ஆண்டு முழுதும் இருப்பில் இருப்பதற்கான நிதியும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும். பதினொன்றரை ஆண்டுகள் பயின்று வந்த ஒருவரை, மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும் ஸ்கேன் அறையுள்ள மருத்துவமனையில் அமர்த்தினால், அவர் இரவு வரும் பக்கவாத நோயாளியைப் பெருநகருக்கு அனுப்பும் கடிதம் எழுதுவதற்கே பயன்படுவார்.